மணி அடித்தது, ஆள் இல்லை

1991 செப்டம்பர் 17. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி. தாமஸ் தெருவில் ஜன்னலே இல்லாத ஒரு நெடிய கட்டடம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் ஸ்விட்சிங் நிலையம் அது. அன்று வெயில் கடுமை. நகரின் மின்சாரத் தேவை எகிறியதால், மின் நிறுவனத்துடன் செய்துகொண்டிருந்த ஏற்பாட்டின்படி நிலையம் காலையில் தன் சொந்த ஜெனரேட்டருக்கு மாறியது. அப்போது, வருகிற மின்சாரத்தை டெலிபோன் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர்கள் நின்றுவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. பாட்டரிகள் உடனே வேலையை ஏற்றுக்கொண்டதால் அழைப்புகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன.

பாட்டரிகள் தாங்கக்கூடியது சுமார் ஆறு மணி நேரம். அதற்குள் விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது. கட்டடத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை. ஜெனரேட்டரில் ஓடும்போது கருவிகளை யாராவது நேரில் சுற்றிப் பார்த்துவர வேண்டும் என்று விதி இருந்தது. அன்று அதுவும் நடக்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய டெக்னீஷியன்கள் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார்கள். புதிதாக வந்திருந்த அலாரம் முறை பற்றிய வகுப்பு அது.

மாலையில் பாட்டரிகள் காலியாயின. சுமார் 50 லட்சம் அழைப்புகள் தடைபட்டன. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மையங்களின் தொடர்புகளும் அந்தக் கட்டடத்தின் வழியாகத்தான் சென்றன. கென்னடி, லகார்டியா, நெவார்க் ஆகிய மூன்று விமான நிலையங்களும் ஸ்தம்பித்தன. வானத்தில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடே, ஒரு மாடியில் எரிந்துகொண்டிருந்த சிறு விளக்கை யாரும் பார்க்காததால் துண்டிக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியை இன்று அலமாரியில் வைக்கும் தட்டையான பெட்டிகள் செய்துவிடுகின்றன. அவற்றின் பெயரும் ஸ்விட்ச்தான். வங்கிக் கிளை, மருத்துவமனை, ரயில் முன்பதிவு மையம், கல்லூரி, கலெக்டர் அலுவலகம் என்று கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் எல்லா இடங்களிலும் இந்தப் பெட்டி உண்டு. மாடிப்படிக்கு அடியிலோ ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலோ பச்சை விளக்குகள் மினுமினுக்க உட்கார்ந்திருக்கும். முதல் தேதியன்று ஓய்வூதியம் வாங்க வந்த முதியவரிடம் கவுன்டரில் ‘சர்வர் டவுன்’ என்று சொல்லப்படுகிறதே, அப்போது பல சமயம் எங்கோ இருக்கும் சர்வர் நலமாகவே இருக்கும். நோயில் படுத்திருப்பது அதே கட்டடத்தில் உள்ள இந்தப் பெட்டியாகவோ, அதிலிருந்து வெளியே போகும் கம்பியாகவோ இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பெட்டி பெரும்பாலும் சொல்லாமல் சாவதில்லை. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் முனகிவிட்டுத்தான் சாகிறது.

எட்டுப் படிகள்

ஸ்விட்ச்சின் வேலை தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரின் வேலையைப் போன்றது. ஒரு துளை வழியாக வரும் தகவல் பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, உரிய துளை வழியாக வெளியே அனுப்புகிறது. அந்தத் துளைக்குப் பெயர் போர்ட். அனுப்பிக்கொண்டே கணக்கும் எழுதுகிறது. இந்தப் போர்ட்டில் எத்தனை பொட்டலம் வந்தது, எத்தனை சிதைந்து வந்தது, எத்தனையை இடமில்லாமல் கீழே போட நேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தன் உடம்பையும் கவனித்துக்கொள்கிறது. உள்ளே வெப்பம் எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா, இரண்டு மின் இணைப்புகளில் ஒன்று போய்விட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

தெரிந்ததை வெளியே சொல்லவும் வழிகள் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 1980களில் தன் மின்னஞ்சல் மென்பொருளுக்குத் துணையாக ‘சிஸ்லாக்’ என்ற பதிவு முறையை எழுதினார். இன்று ஏறக்குறைய எல்லா ஸ்விட்ச்களும் அந்த பாஷையில்தான் பேசுகின்றன. இதில் செய்திகளுக்கு எட்டுப் படிகள், பூஜ்யம் முதல் ஏழு வரை. பூஜ்யம் என்றால் கருவியே பயனற்றுப்போய்விட்டது. மூன்று என்றால் பிழை, நான்கு என்றால் எச்சரிக்கை. ஏழு என்பது மென்பொருள் எழுதுபவருக்கு மட்டும் தேவைப்படும் நுணுக்கமான தகவல். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். சில நிறுவனங்களின் ஸ்விட்ச்கள் இதை இன்னும் எளிமையாக்கி, பெரிய கோளாறுக்குச் சிவப்பு, சிறியதற்கு மஞ்சள் என்று இரண்டே அலாரங்களாகவும் காட்டுகின்றன.

1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்பது இன்னொரு வழி. கண்காணிக்கும் கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்விட்ச்சிடம் எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவசரம் என்றால் ஸ்விட்ச் தானாகவே ஒரு செய்தியை அனுப்பும். அதற்கு ‘ட்ராப்’ என்று பெயர். சாதாரண ட்ராப் என்பது ஒப்புதல் அட்டை இல்லாத தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. நெட்வொர்க்கில் நெரிசல் முற்றி, செய்தி மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் அது வழியில் தொலையும் வாய்ப்பும் அதிகம். விவரமறிந்த எஞ்சினியர்கள் ட்ராப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. தாங்களும் போய்க் கேட்கிறார்கள்.

ஆக, பேசும் வசதிக்குக் குறைவில்லை. கேட்பதில்தான் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

கூச்சலில் கரையும் குரல்

முதல் சிக்கல், பேச்சு மிகுதி. தேய்ந்த ஒரு கேபிள் போதும், இணைப்பு நொடிக்கொரு முறை போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டு செய்தி. கம்பியின் இரு முனைகளிலும் உள்ள ஸ்விட்ச்கள் இரண்டும் புகார் செய்யும். அவற்றை நம்பியிருக்கும் கருவிகள் வேறு ‘என்னால் தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்று தனித்தனியே அலறும். சாலையோரம் தோண்டும் இயந்திரம் ஒரே ஒரு ஃபைபரை அறுத்தால் கண்காணிப்பு அறையில் நூற்றுக்கணக்கான சிவப்பு வரிகள் வந்து விழுவது இப்படித்தான். நோய் ஒன்று, அலறல் நூறு.

மற்றத் தொழில்கள் இந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருக்கின்றன. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மில்ஃபோர்ட் ஹேவன் என்ற துறைமுக ஊரின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இரண்டு பேர் எதிர்கொண்ட அலாரங்கள் 275 என்று அரசு விசாரணை கணக்கிட்டது. சராசரியாக இரண்டரை நொடிக்கு ஒன்று. படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை, வாயை அடைக்கத்தான் நேரமிருந்தது.

நெட்வொர்க் கண்காணிப்பிலும் இதே கதைதான். தினமும் ஆயிரம் எச்சரிக்கைகள் வரும் இடத்தில், பணியாளர் முதல் வாரம் எல்லாவற்றையும் படிப்பார். இரண்டாம் வாரம் சிவப்பை மட்டும் படிப்பார். மூன்றாம் மாதம் மின்னஞ்சல் பெட்டியில் ஒரு விதி போட்டு, எல்லாம் தானாகவே ஒரு மூலைக்குப் போகும்படி செய்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எது வந்தால் எழுந்து ஓட வேண்டும் என்று யாரும் அவருக்குத் தீர்மானித்துத் தரவில்லை. வந்ததும் எவரும் எதுவும் செய்யத் தேவையில்லாத அலாரம் கண்காணிப்புத் திரையில் இருக்கவே கூடாது. அதன் இடம் பதிவேடு.

அணைத்துப் போட்டால் சரியாகுமா?

இரண்டாவது சிக்கல், மறதி. ஸ்விட்ச் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பதிவேடு மிகச் சிறியது. நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதும். பல ஸ்விட்ச்களில் மின்சாரம் போனால் மொத்தமும் போய்விடும். மின்வெட்டு சகஜமான ஊர்களில் இதன் பொருள் என்ன? யு.பி.எஸ். பழுதாகிக் கிடக்கும் கிளை அலுவலகத்தில், ஸ்விட்ச் ஒரு வாரமாகச் சொல்லிவந்ததெல்லாம் ஒரே ஒரு மின்வெட்டில் துடைத்தெறியப்படும்.

மின்வெட்டு செய்யாததை மனிதர்கள் செய்துவிடுகிறார்கள். ‘ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க சார்’ என்பது இந்தியா முழுவதும் எல்லா மொழிகளிலும் வழங்கும் வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்கிறது. அதுதான் ஆபத்து. கோளாறு மறைந்துவிடும். கோளாறின் காரணத்தைச் சொல்லக்கூடிய தடயமும் மறைந்துவிடும். பத்து நாளில் அதே கோளாறு திரும்ப வரும்போது தயாரிப்பு நிறுவனத்தின் எஞ்சினியர் கேட்கும் முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. கொலை நடந்த அறையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லி அனுப்புவது போன்ற காரியம் இது.

தடயத்தைச் சேகரிக்க அதிக நேரமும் ஆகாது. சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்ச்சில் ‘ஷோ டெக்-சப்போர்ட்’ என்ற ஒரே கட்டளை போதும். மென்பொருள் பதிப்பு, போர்ட்களின் கணக்கு, நினைவகம், வெப்பம், பதிவேடு என்று டஜன் கணக்கான விவரங்களை அது வரிசையாகக் கொட்டிவிடும். மற்ற நிறுவனங்களின் கருவிகளிலும் இதற்கு இணையான கட்டளை உண்டு. சில நிமிட வேலை. அதை வேறு கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு, பிறகு தாராளமாக அணைத்துப் போடலாம்.

சேமித்த பதிவில் நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கவலை. நேர மண்டலம் அமைக்கப்படாத ஸ்விட்ச் பொதுவாகக் கிரீன்விச் கணக்கில்தான் எழுதும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே. அதாவது, காலை 10 மணிக்கு நடந்தது அதிகாலை நாலரை என்று பதிவாகியிருக்கும். பக்கத்து ஸ்விட்ச்சில் இந்திய நேரம் இருந்துவிட்டால் எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சாட்சிகள் இருவர், கடிகாரம் இரண்டு விதம் என்றால் எந்த வழக்கு நிற்கும்?

ஒரே பாதையில் நோயும் மருத்துவரும்

மூன்றாவது சிக்கல் பெரிய நிறுவனங்களையே தலைகுனிய வைத்தது. ஸ்விட்ச் பேசுகிறது, பேச்சு எந்த வழியாக வருகிறது? பெரும்பாலும் அதே நெட்வொர்க் வழியாக. நெட்வொர்க் படுத்தால் அந்தச் செய்தியைச் சொல்லவும் வழி இல்லை, கேட்கவும் வழி இல்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மறைந்தன. பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு தவறான கட்டளை, நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. எங்கே கோளாறு என்று கண்டறியும் கருவிகளும் கூடவே செயலிழந்தன. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனிப் பாதையும் வேலை செய்யவில்லை. எஞ்சினியர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்நியர் நுழையக் கூடாது என்று போட்டிருந்த பலத்த பாதுகாப்பைத் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது.

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் இதைவிட மோசம். ஒரு சாதனத்தின் அமைப்பில் ஒரு வடிகட்டி நீக்கப்பட, வழித்தடத் தகவல்கள் மைய ரூட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து அவற்றை மூழ்கடித்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். நிறுவனத்தின் ஊழியர்களோ ஒருவரோடொருவர் பேச ராஜர்ஸ் டெலிபோனையே நம்பியிருந்தார்கள். கண்காணிக்கும் பாதையும் அதே நெட்வொர்க்கின் மீதுதான் அமைந்திருந்தது. என்ன பிழை என்று சொல்லும் பதிவேடுகளை எட்டிப் பார்க்கவே பல மணி நேரம் போய்விட்டது. பதில் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்த அறையின் சாவிதான் கிடைக்கவில்லை.

காகிதத்துக்குத் திரும்பிய மருத்துவமனை

இவையெல்லாம் ராட்சத நிறுவனங்களின் கதை. சாதாரண ஸ்விட்ச்கள் என்ன செய்யும் என்பதற்கு 2002 நவம்பர் 13இல் பாஸ்டன் நகரில் நடந்தது உதாரணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்த பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் அன்று திணற ஆரம்பித்தது. ஸ்விட்ச்களை வட்டமாக இணைத்தால் ஒரே பொட்டலம் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் என்ற பெண் எஞ்சினியர் 1985இல் வகுத்த ‘ஸ்பானிங் ட்ரீ’ என்ற முறை உண்டு. வழக்கமான அமைப்பில் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்ச் தூரம் வரை தாங்கும். மருத்துவமனையின் நெட்வொர்க் ஆண்டுக்கு ஆண்டு ஒட்டுப்போட்டு வளர்ந்து, எக்ஸ்-ரே படங்களைக் கையாளும் பிரிவு பத்து ஸ்விட்ச் தூரம் தள்ளிப் போயிருந்தது. பெருமளவு தகவல் ஒரே நேரத்தில் பாய்ந்ததும் கட்டு அவிழ்ந்தது.

ஆய்வக முடிவுகளும் மருந்துக் கட்டளைகளும் கம்ப்யூட்டரில் வருவதற்குப் பழகியிருந்த மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே சீட்டுகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடினார்கள். இளம் டாக்டர்கள் பலர் கையால் எழுதும் மருந்துச் சீட்டையே பார்த்துப் பழகாதவர்கள். நிலைமை சீராக நான்கு நாட்கள் ஆயின. அந்த மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா செய்த காரியம்தான் கவனிக்கத்தக்கது. அவர் விஷயத்தை மூடிமறைக்கவில்லை. என்ன தவறு நடந்தது என்று ஊரறியச் சொன்னார். பதற்றத்தில் அவரவர் கைக்கு வந்ததை மாற்றக் கூடாது, நெட்வொர்க்கில் எந்த மாற்றமும் ஒரு குழு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நடக்க வேண்டும் என்பது அவர் கற்று, மற்றவர்களுக்கும் சொன்ன பாடங்களில் ஒன்று.

விதி வந்தாயிற்று, ஆள்?

இந்தியாவில் இந்த விஷயத்துக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்கிறது. ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்திக்கொள்ள வேண்டும். உத்தரவின் நோக்கம் இணையத் திருடர்களைப் பிடிப்பது. ஆனால் அதே பதிவேடும் அதே கடிகாரமும் பழுதான விசிறியையும் தேய்ந்த கேபிளையும் கண்டுபிடிக்க உதவும்.

பதிவேட்டைச் சேர்த்து வைக்க உத்தரவு போடலாம். படிக்க வைக்க உத்தரவு போட முடியாது. தாலுகா ஊரில் உள்ள ஒரு வங்கிக் கிளையின் ஸ்விட்ச்சை யார் பார்க்கிறார்கள்? கிளை மேலாளருக்கு அது தன் வேலை அல்ல. தலைமை அலுவலகம் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும். ஒப்பந்தக்காரரின் டெக்னீஷியன் ஒருவரே பல ஊர்களைச் சுற்றுவார். ஸ்விட்ச் செத்த பிறகு வந்து புதியது மாட்டினால் அவர் கணக்கில் ஒரு வேலை முடிந்தது என்று பதிவாகும். சாவதற்கு முன்பே வந்து விசிறியின் தூசியைத் துடைத்துவிட்டுப் போனால் அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவையும் அல்ல. எல்லா ஸ்விட்ச்களின் செய்திகளும் வந்து சேர ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கினால் போதும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரம் வைக்க வேண்டும். எந்த ஐந்தாறு அலாரங்களுக்கு ஆள் எழுந்து போக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்த ஆளின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். நெட்வொர்க் படுத்தாலும் ஸ்விட்ச்சை எட்ட இன்னொரு வழி வேண்டும், ஒரு செல்போன் மோடமாவது. அணைத்துப் போடும் முன் தடயத்தைச் சேகரி என்று ஒரு வரி எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினால் செலவு ஒரு காகிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்துக்கு ஒருமுறை ஒரு கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்க வேண்டும். மணி அடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அல்ல. அடித்தால் யாராவது வருகிறார்களா என்று தெரிந்துகொள்ள.

மன்ஹாட்டனில் அன்று வகுப்புக்குப் போனவர்கள் சோம்பேறிகள் அல்ல. அலாரத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ளத்தான் போனார்கள். போகும் முன், ‘நாங்கள் திரும்பும் வரை நீ இங்கே இரு’ என்று ஒருவரைப் பலகையின் முன்னால் உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது.